வீரய்யாவின் அரங்கயா

நுவரெலியா பூங்கா வாசலில் ஆட்டோ ஓட்டும் எங்கள் கூட்டத்தில் குருவிப் பைத்தியம் பிடித்தவன் வீரய்யா ஒருவன்தான். லிந்துலை தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். குருவி பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியே பெயர்களைப் பழகிக்கொண்டான். தான் பார்த்த குருவிகளை ஒரு பழைய டயரியில் எழுதி வைப்பான். நாங்கள் லொத்தர் சீட்டைப் பற்றிப் பேசினால் அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த டயரியில் அரங்கயா மட்டும் இல்லை. தோளில் நீலத்திட்டு உள்ள கருங்குருவி அது. இலங்கையை விட்டால் வேறெங்கும் கிடையாது. விடியலிலும் பொழுது சாயும்போதும் காட்டு ஓடைக்கு வரும். எத்தனையோ பேரை அங்கே கொண்டுபோய் விட்டவன், ரோட்டோரம் அவர்களுடைய பைகளுக்குக் காவல் நிற்பான். அவர்கள் திரும்பி வந்து போட்டோவைக் காட்டுவார்கள். இவன் பல்லைக் காட்டுவான். எரிச்சல் எனக்குத்தான் வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஹோட்டல் கண்ணாடியில் மோதி, வாலில் ஓர் இறகு உதிர்ந்து, அரங்கயா ஒன்று விழுந்துவிட்டது. வீரய்யா அதைத் துவாலையில் சுற்றி வனஜீவராசி அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். இறக்கை தேறும்வரை அங்கே வைத்திருந்தார்கள். இவன் லீக்ஸ் பாத்தியில் மண்புழு தோண்டிக்கொண்டு தினமும் போய்க் கையால் ஊட்டினான். வந்த ஹயர் சவாரியையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறானே என்று திட்டினேன்.

குணமானதும் அவன் ஆட்டோவிலேயே ஓடைக்குக் கொண்டுபோய், பெட்டியை அவனையே திறக்கச் சொன்னார்கள். குருவி பறக்கவில்லை. தத்தித் தத்தி அவன் செருப்பருகே வந்து புழுவுக்குக் காத்து நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் புதருக்குள் போனது.

“டயரியில எழுதிட்டியா?” என்று கேட்டேன்.

“எப்புடிண்ணே எழுதுறது? நாமளே கொண்டுபோய் விட்டுட்டு நாமளே பாத்தோம்னு சொல்றதா?”

ஸ்டாண்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி நாகலெட்சுமி விடவில்லை. “கால் ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தீங்களே, இங்க உங்க எடம் இல்லைன்னா சொன்னாங்க? அது மாதிரிதானே குருவியும்?”

நியாயமான கேள்வி.

“நான் வந்து ஆட்டோ ஓட்டுனேன்ல? அது தனியா பொழைக்குமான்னு தெரியலையே புள்ள” என்றான். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், சாப்பிடவில்லை. மனுசனை நம்பி நிற்கும் குருவி பூனைக்கு இரையாகிவிடுமே என்ற பயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மறுவாரம் அவனை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“ஆட்டோவை நான் பாத்துக்கிறேன். நீ எறங்கு.”

எத்தனையோ வருடமாகக் காவல் நின்ற அந்த ரோட்டிலிருந்து குருவி பார்ப்பதற்கென்று முதல் தடவையாக அவன் கீழே இறங்கினான். சட்டைப்பையில் புழு டப்பா. நான் பனியில் நடுங்கிக்கொண்டு, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டபடி நின்றேன்.

இருட்டுகிற நேரத்தில் மேலே வந்தான். கண் கலங்கியிருந்தது.

“இருந்துச்சுண்ணே. வாலுல ஒரு எறகு இல்ல, அதேதான். பாறைக்கடியில தானா புழு கொத்திக்கிட்டு இருந்துச்சு. கிட்டப் போனேன்.”

“ஒன்னயத் தெரிஞ்சுச்சா?”

“பயந்து ஓடிருச்சுண்ணே.”

புழு டப்பாவை ரோட்டோர மண்ணில் கவிழ்த்துவிட்டு, டயரியை எடுத்துத் தரச் சொன்னான்.