மூன்றாம் வளைவின் சுவர்

ஹிராசே தொமொயோவுக்கு ஐம்பத்தொரு வயது. கார் ஓட்டும் உரிமம் கிடையாது. ஆனாலும் ஜப்பானின் இந்த சுருகா ஊரில் மலைக் கணவாய்ச் சாலையை அவளைவிட வேகமாகக் கடக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. இதென்ன புதுக்கதை என்கிறீர்களா? ரயில் நிலையத்துக்குப் பின்னால் செருப்புக் கடை மாடியில் ஒரு கேம் சென்டர் இருக்கிறது. அங்கே ‘கணவாய்’ என்று ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. நூறு யென் நாணயத்தைப் போட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து, பெடலை மிதித்து, உட்கார்ந்து ஆடுகிற பெரிய இயந்திரம்; அடுத்தடுத்து இரண்டு இருக்கை. அதில் கடையின் முதலிடம் ஆறு வருஷமாக ‘மீன்கொத்தி’ என்ற பெயரில் நிற்கிறது. அந்த மீன்கொத்திதான் இவள்.

பத்தொன்பது வயதில் அப்பாவின் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டு வாசல் தூணில் இடித்துவிட்டாள். தூணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. “உனக்கு இதெல்லாம் சரிப்படாது, விட்டுடு” என்று அப்பா சொன்னார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். இவள் முப்பது வருஷம் சைக்கிள் மிதித்தாள். எனக்கு அந்த மனிதர்மேல் இன்றைக்கும் கோபம்தான். அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது, கோபப்பட்டு என்ன செய்ய?

வேலை, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலையில். காலை ஐந்து மணியிலிருந்து பகல் இரண்டு மணிவரை. சுடச்சுட உருளையிலிருந்து வரும் விரிப்பை இரண்டு முனையும் பிடித்து மடிப்பு இயந்திரத்துக்குள் விட வேண்டும். இரைச்சல் தாங்காது, எல்லோர் காதிலும் அடைப்பான். பேச நினைத்தாலும் முடியாது, நினைப்பவர்களும் இல்லை. வேலை முடிந்ததும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கிவிட்டுக் கலைவார்கள். சாயங்காலம் மூலைக்கடையில் சோற்று உருண்டை வாங்கும்போது, “பை வேணுங்களா?” என்று கேட்பார்கள். “பை வேண்டாம்” என்பாள். சில நாட்களில் அவள் வாயிலிருந்து வந்த பேச்சே அந்த இரண்டு வார்த்தைதான்.

ஆனால் நோட்டில் பேசுவாள். அதில் பேசினால் நிறுத்தமாட்டாள்.

கேம் சென்டர்களில் இந்த நோட்டு வழக்கம் உண்டு. இயந்திரத்துக்குப் பக்கத்தில் சின்ன மேசை, அதில் நூல் கட்டிய பேனாவும் ஒரு நோட்டும். ஆடுகிறவர்கள் புனைபெயரில் எழுதிப்போடுவார்கள்; அடுத்து வருகிறவர்கள் பதில் எழுதுவார்கள். முகம் பார்த்துப் பேசுவது கிடையாது. பக்கத்து இருக்கையில் அந்த ஆளே உட்கார்ந்திருந்தாலும் ‘நீங்கதானா அது’ என்று கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை.

‘எஞ்சின் சத்தம் அருமை, அதுக்காகவே தினம் வரேன்’ என்று ஒருவர். ‘சீட்டை யார் செஞ்சது? வயிறு ஸ்டியரிங்ல இடிக்குது’ என்று இன்னொருவர். ‘வயிறு உம்முது, சீட்டைத் திட்டாதீர்’ என்று அதன் கீழே. ‘மழை ரோட்டுல வைப்பர் சத்தம் உயிரை வாங்குது. நம்ம ஊர்ல வெளியதான் மழை, உள்ளேயுமா?’ என்று ஒரு மீன்கடைக்காரர்.

தொமொயோ நோட்டில் ஆண்பிள்ளை மாதிரி எழுதுவாள். முதல் நாள் ஒரு வேகத்தில் அப்படி எழுதினாள், அதுவே ஒட்டிக்கொண்டது. நேரில் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காதவள், பேனாவை எடுத்தால் சந்தைச் சண்டைக்காரி. அவளுக்கு ஈடு கொடுக்கிற ஆள் ஒன்றே ஒன்றுதான். ‘முள்ளங்கி’ என்ற பெயரில் எழுதுகிறவர். அவர் காலையில் வருகிறவர், இவள் இரண்டரைக்கு வருகிறவள். ஆறு வருஷத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

சண்டையெல்லாம் ஒரு சுவரைப் பற்றி.

மலைச்சாலையின் மூன்றாவது வளைவு கொண்டை ஊசி. அங்கே வெளிப்பக்கச் சுவரில் காரைச் சாய்த்துவிட்டால், வேகம் குறையவேண்டும் அல்லவா? குறையாது. சுவரே காரைத் தேய்த்துக்கொண்டு திருப்பி, அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். விளையாட்டைச் செய்தவர்களின் கோளாறு. தொமொயோவுக்கு அது ஆகாது.

‘யோவ் முள்ளங்கி, நேத்தும் சுவத்துல சாஞ்சுதான் போனியா? வெக்கமா இல்ல? கையெழுத்தும் கோழி கிளறின மாதிரி, ஓட்டறதும் அப்படியே.’

‘டேய் மீன்கொத்தி, சுவர் என்ன உங்க அப்பன் வீட்டுதா? இந்த ஆட்டத்திலேயே நல்ல மனசு உள்ளது அந்தச் சுவர் ஒண்ணுதான்.’

இதைப் படிக்கத்தான் அவள் சைக்கிளை அந்த மிதி மிதித்து வருவாள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது பதிலை யோசிப்பாள், தனக்குத்தானே சிரிப்பாள். அவளுக்கு இருந்த ஒரே துணை அந்தக் கோணல் எழுத்துத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

கோடை முடிகிற சமயம், கடை மேலாளர் செரிசாவா அவளிடம் ஒரு தாளை நீட்டினார். நாற்பத்துநாலு வயதில் முழு வழுக்கை, நல்ல மனுஷன்.

“ஹிராசே சான், விளையாட்டுக் கம்பெனிக்காரங்க கருத்து கேட்டிருக்காங்க. எது நல்லாயிருக்கு, எது சரியில்லன்னு. கடைக்கு ஒரு தாள்தான். நம்ம கடையில முதலிடம் நீங்க. நீங்களே எழுதிடுங்க.”

விஷயத்தை அவர் நோட்டிலும் எழுதிவைத்தார். மறுநாள் முள்ளங்கியின் வரி இருந்தது. ‘மீன்கொத்தி, எதை வேணாலும் திட்டி எழுது. சீட்டைத் திட்டு, மழையைத் திட்டு, என்னைக்கூடத் திட்டு. சுவரை மட்டும் விட்டுடு. கேட்டுக்கறேன்.’

‘கேட்டுக்கறேன்’ என்ற அந்தச் சொல்லை அவள் கவனித்திருக்க வேண்டும். ஆறு வருஷத்தில் அந்த ஆள் எழுதாத சொல். இவளோ, மாட்டிக்கிட்டான் திருட்டுப்பய என்று குதித்தாள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து, தாளின் இரண்டு பக்கமும் சுவரைப் பற்றியே எழுதி அனுப்பினாள்.

நவம்பரில் புதுப் பதிப்பு வந்தது. இயந்திரத்தின்மேல் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘வாடிக்கையாளர் கருத்துகளுக்கு நன்றி. மூன்றாம் வளைவின் சுவர் சரிசெய்யப்பட்டது.’ தொமொயோ அதை நாலு தடவை படித்தாள். தான் சொன்ன ஒன்றை யாரோ கேட்டுச் செய்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஓட்டிப் பார்த்தாள். சுவரில் பட்டதும் கார் அப்படியே நின்றது. நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘பாத்தியா முள்ளங்கி! இனிமே எங்கே போய்ச் சாய்வே?’

பதில் இல்லை.

ஒரு வாரம் ஆயிற்று. ‘என்னய்யா, கோபமா?’ என்று எழுதினாள். பதில் இல்லை. மூன்றாவது வாரம் பேனாவை எடுத்துவிட்டு, என்ன எழுதுவதென்று தெரியாமல் வைத்துவிட்டாள். அடுத்தவர்கள் சீட்டைப் பற்றியும் வைப்பரைப் பற்றியும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அவளுக்கு நோட்டே காலியாகத் தெரிந்தது.

செரிசாவாவிடம் கேட்பதற்கு ஐந்து நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

“முள்ளங்கி... வர்றதில்லையா?”

“வாடிக்கையாளர் விஷயம் நான் சொல்லக்கூடாதுங்க.” தலையைத் தடவினார். “வராரு. தினம் வராரு. ஆடறதில்ல, அவ்வளவுதான்.”

அடுத்த நாள் ஆலையில் விடுப்பு கேட்டாள். எட்டு வருஷத்தில் கேட்ட முதல் விடுப்பு. மேற்பார்வைக்காரி பதறி, “யாராவது தவறிட்டாங்களா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினாள் தொமொயோ.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் போய், ‘கணவாய்’ இருக்கை ஒன்றில் நாணயம் போடாமல் உட்கார்ந்தாள். மனசுக்குள் பேச்சைத் தயார் செய்துவைத்திருந்தாள்: நான்தான் மீன்கொத்தி, சுவர் விஷயத்தில் மன்னிச்சுக்கங்க.

பத்து நிமிஷத்தில் ஒருவர் படியேறி வந்தார். அறுபத்தெட்டு, எழுபது இருக்கும். வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார், யாரோ கொடுத்துவைத்த சாமானை வைப்பதுபோல. பிறகு இடது கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

தொமொயோவுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ஒற்றைக் கையால் கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை முழுதாகச் சுற்ற முடியாது. சுவர் திருப்பிவிட்டது. இடது கையால் எழுதிய எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

“நீங்க இதை ஆடுவீங்களாம்மா?” என்றார் அவர்.

“கொஞ்சம்.”

“நானும் ஆடிக்கிட்டிருந்தேன். மூணாவது வளைவுல ஒரு சுவர் இருந்தது, நமக்குத் தோதா. இப்ப எடுத்துட்டான். மீன்கொத்தின்னு ஒருத்தன், அவன் எழுதிப்போட்டு எடுக்க வெச்சுட்டான்.”

“அவர் செஞ்சது... ரொம்பத் தப்புங்க” என்றாள் அவள். “மோசமான ஆளுங்க அவர்.”

பெரியவர் சட்டென்று திரும்பினார். “அவனைச் சொல்லாதீங்க! என்ன தெரியும் உங்களுக்கு?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவன் சொன்னது நியாயம். அது கோளாறுதான், திருட்டு ஆட்டம்தான். ஏழு வருஷம் முன்னாடி நான் பக்கவாதம் வந்து விழுந்தேம்மா. அன்னையிலேர்ந்து எவன் என்கிட்டப் பேசினாலும் குரல்ல சர்க்கரை. மருமக என்னைக் குழந்தை மாதிரி கொஞ்சறா. ஸ்பூனைத் தூக்கினா ஆஸ்பத்திரிப் பொண்ணு கை தட்டறா. மனுஷனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? இவன் ஒருத்தன்தான் என்னை வெக்கங்கெட்டவன்னு எழுதுவான். கோழி கிளறின எழுத்தும்பான். படிச்சா அன்னைக்குப் பூரா தெம்பா இருக்கும்.”

“அப்ப... பதில் எழுதலாமே நீங்க?”

“என்னன்னு? ஓட்ட முடியலன்னு எழுதினா ஏன்னு கேப்பான். இதைச் சொன்னேன்னு வெச்சுக்கங்க, அவனும் ‘உடம்பைப் பாத்துக்குங்க ஐயா’ன்னு ஆரம்பிச்சுடுவான். அப்புறம் எனக்குன்னு எவன் இருக்கான் திட்டறதுக்கு?”

ஆறு வருஷமாக நோட்டில் சண்டை போட்ட ஆள் ஒரு முழ தூரத்தில் இருக்கிறார். நான்தான் என்று சொல்லத் தொமொயோ வாயெடுத்தாள். சொன்னால் அந்த நிமிஷமே மீன்கொத்தி செத்துப்போவான். மன்னிப்புக் கேட்கிற, கண் கலங்குகிற இன்னொரு பெண்பிள்ளை மிஞ்சுவாள். அவருக்கு அது வேண்டாம்.

“ஒரு ஆட்டம் போடுங்களேம்மா, பாக்கறேன்” என்றார்.

பெயர் அட்டையைச் செருகினால் திரையில் ‘மீன்கொத்தி’ என்று வந்துவிடும். அட்டையைப் பைக்குள் தள்ளிவிட்டு வெறும் நாணயத்தைப் போட்டாள். அந்த ஊரின் முதலிடக்காரி, வேண்டுமென்றே முதல் வளைவில் முட்டினாள், இரண்டாவதில் முட்டினாள், மூன்றாவதில் சுவரில் மோதி நின்றாள்.

“பரவாயில்லம்மா, பரவாயில்ல. நல்லாத்தான் ஓட்டறீங்க. மெதுவாப் பழகிடும்” என்றார் பெரியவர். குரலில் சர்க்கரை. அவள் அழுகையை அடக்கிக்கொண்டு தலைகுனிந்து நன்றி சொன்னாள்.

அவர் படியிறங்கிப் போனபிறகு நோட்டைத் திறந்தாள். மீன்கொத்தியின் கையெழுத்து நடுங்கக்கூடாது என்று மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எழுதினாள்.

‘யோவ் முள்ளங்கி. சுவர் போனதும் ஆளே அம்பேலா? இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசினியே, ரோஷம் இருந்தா மூணாவது வளைவைச் சுவர் இல்லாம எடுத்துக் காட்டு. எத்தனை நாள் ஆனாலும் சரி. சாக்கு சொல்லாதே. சாக்கு கேக்கற ஆள் நான் இல்ல.’

ஆறு நாள் பதில் இல்லை. ஆறு நாளும் அவள் இரண்டரைக்கு வந்தாள், நோட்டைப் பார்த்தாள், ஆடாமல் போனாள். நல்லது என்று நினைத்து மனுஷனை இன்னும் நோகடித்துவிட்டோமோ என்று தூக்கம் போயிற்று. ஏழாம் நாள், ஊரின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. கோழி கிளறின எழுத்து இருந்தது.

‘டேய் மீன்கொத்தி. இன்னைக்கு மூணாவது வளைவைத் தாண்டிட்டேன். ரொம்ப முன்னாடியே திருப்ப ஆரம்பிச்சா வருது. நாலாவதுல நேரம் முடிஞ்சுபோச்சு. சிரிக்காதேடா.’

தொமொயோ ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த வரியை ஒருமுறை விரலால் தடவினாள். பிறகு பேனாவை எடுத்து எழுதினாள்: ‘சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஒரு வளைவுக்கு ஒரு வாரமா? அடுத்த வாரம் நாலாவது. வராம இருந்தே, தெரியும் சேதி.’

எழுதும்போது கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்துவிட்டது. பக்கத்தைக் கிழித்தால் அவருடைய வரியும் போய்விடுமே என்று பயந்து, கிழிக்காமல் சட்டைக்கையால் ஒற்றி எடுத்தாள். காயும்வரை நின்று பார்த்தாள்.

இனிமேல் காலை நேரத்தில் அந்த மாடிப்படியை மிதிக்கவே முடியாது என்பது அவளுக்குத் தெரியும். பெரியவர் இரண்டரைக்கு வர நேர்ந்தால், இவள் எழுந்து போய்விட வேண்டும். இவள் ஓட்டுவதைப் பார்த்தால் மீன்கொத்தி யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் முகம் தெரிந்துவிட்டது, குரல் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேச முடியாது.

பனியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மூலைக்கடைக்குப் போனாள். சோற்று உருண்டை ஒன்றை எடுத்துவைத்தாள்.

“பை வேணுங்களா?”

“பை வேண்டாம்” என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.