ஸ்டெல்லாவின் விண்ணப்பத்தில் நான் எழுதிய மதம்

நீங்கள்தான் சாட்சி. படித்து முடிக்கும்வரை என்னை மன்னிக்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த ஆசிரியப் பயிற்சி இடம் பறிபோகக் காரணமானவன் நான். எதைச் சொல்லி அவளைக் காட்டிக்கொடுத்தேனோ, அதையே நானும் செய்திருந்தேன்... மறைத்துக்கொண்டே காட்டிக்கொடுத்தேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் வாரந்தோறும் ஒரு தாள் வெளிவரும். ஞாயிறு வாசகத்தை அன்றாட வாழ்வோடு இணைக்கும் ஒரு பக்கச் சிந்தனை. அதை எழுதுவதும், திருப்பலி முடிவில் ஒலிபெருக்கி முன் நின்று வாசிப்பதும் என் பொறுப்பு. நான் வென்ற பட்டிமன்றக் கோப்பைகளைப் பார்த்துப் பங்குத்தந்தை என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. சாலைக்குக் குறுக்கே மரங்களை வெட்டிப் போட்டிருப்பார்கள். கச்சிராயபாளையம் பேருந்து பாதி வழியில் நின்றுவிடும். மீதி வழியை நடந்தே பூசைக்கு வருவார் லூர்து அக்கா. கரும்பு வெட்டும் கூலி. அவர் மகள் ஸ்டெல்லா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். கல்வராயன் மலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் ஆசை.

ஒரு புதன்கிழமை விண்ணப்பத்தோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீயே எழுதிக் குடு தம்பி. உன் கையெழுத்து அச்சு மாரி இருக்குது."

மதம் என்ற இடத்தில் என் பேனா நின்றது. பள்ளிச் சான்றிதழில் அவள் பெயர் செல்வி, இந்து ஆதிதிராவிடர். கிறிஸ்தவர் என்று எழுதினால் அந்த ஒதுக்கீடு கிடையாது. எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படித்தான்.

"இன்னா யோசிச்சிக்கினு கீற? உன் சர்டிபிகேட்லயும் அதான இருக்குது?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே 'இந்து' என்று எழுதினேன். ஆம், என்னுடையதிலும் அதுதான்.

அந்த வார வாசகம், நெருப்பருகே குளிர்காய்ந்த பேதுரு தம் ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்த பகுதி. எழுத உட்கார்ந்தேன், நெடுநேரம் ஒரு வரியும் வரவில்லை. அப்போது அந்த விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. எத்தனை பொருத்தமான உதாரணம்! பெயரைச் சொல்லவில்லை... கரும்புத் தோகை கிழித்த கைகளோடு தொலைவிலிருந்து நடந்து வந்து நற்கருணை வாங்கும் ஒரு தாய் என்று எழுதினேன். மகளுக்கு அவள் இரண்டு பெயர் வைத்திருக்கிறாள். ஒன்று கடவுளுக்கு, மற்றொன்று அரசாங்கத்துக்கு. பேதுரு வாயால் மறுதலித்தார்; இவள் முத்திரை குத்தி மறுதலிக்கிறாள் என்று முடித்தேன்.

வாசித்தபோது கோயிலில் ஓர் அசைவில்லை. அந்த அமைதியை நான் கைதட்டலாக எடுத்துக்கொண்டேன். பெண்கள் பக்கம், கடைசி வரிசையில், லூர்து அக்கா தலைமீதிருந்த முந்தானையை முகம் மறைய இழுத்துவிட்டார். பார்த்தேன். பார்த்தும் குரலை உயர்த்தினேன்.

சொன்னால் நம்புவீர்களா? முந்தைய நாள்தான் கல்லூரி மேடையில் இடஒதுக்கீட்டை ஆதரித்து முழங்கிவிட்டு வந்திருந்தேன்.

யாரோ அந்தத் தாளைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வருவாய் ஆய்வாளர் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார். தாள் அவர் கையில் இருந்தது.

"இன்னா தம்பி, நீ எழுதினதா? அந்தக் கச்சிராயபாளையத்துப் பொண்ணதான சொல்ற? இல்ல, சும்மா கதை கட்டினியா? கதைன்னா சொல்லிடு, எனக்கும் வேலை கம்மி."

தப்பவிடும் வழியை அவரே திறந்து வைத்திருந்தார். 'கதைதான்' என்ற ஒரு சொல் போதும்... ஆனால் என் எழுத்தைப் பொய் என்று நானே சொல்வதா?

"நான் கற்பனையாக எதையும் எழுதுவதில்லை, ஐயா."

அவர் பெருமூச்சு விட்டபடி குறித்துக்கொண்டார். "நீ கிறிஸ்டியன்னுதான சர்டிபிகேட் வாங்கியிருக்க?"

"ஆமாம், ஐயா."

இமைக்காமல் சொன்னேன். நெருப்பருகே நின்றவர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். நான் வீட்டுக்குப் போய் அடுத்த வாரச் சிந்தனையை எழுதினேன்.

அவள் சாதிச் சான்றிதழ் ரத்தானது. இடம் வேறொருவருக்குப் போனது. ஸ்டெல்லா இப்போதும் மலைக்குப் போகிறாள்... மரவள்ளிக் கிழங்கு பிடுங்க, கூலியாட்களோடு லாரியில் நின்றபடி.

ஒரு சனிக்கிழமை லூர்து அக்காவைத் தேடிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனேன்.

"அக்கா, நான் வேணும்னு செய்யல..."

"வேணும்னுதான எழுதின?" வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "நல்லாத்தான் எழுதியிருந்த தம்பி. நீ படிக்கிறப்போ எனக்கே என்னைப் புடிக்காம போச்சு."

அடுத்த கரும்பைச் சாய்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"எம் பொண்ணுதான் கேட்டுக்கினே இருக்குது, அந்த அண்ணன் அவரு சர்டிபிகேட்டப் பத்தி எப்ப எழுதுவாருன்னு. பயப்படாத. நாங்க யாராண்டயும் சொல்லல."

என் பயம் வரை அவருக்குத் தெரிந்திருந்தது. என் ரகசியத்தையும் அவரே காத்துக்கொண்டிருந்தார்!

இன்று நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், அதே சான்றிதழால். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தத் தாளுக்கு எழுதித் தருகிறேன். பேதுரு மறுதலிக்கும் வாசகம் வந்தால் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். எத்தனை திங்கட்கிழமைகள் வந்து போயின... நான் எண்ணவில்லை.

அந்தச் சனிக்கிழமை வரப்பில் நின்று, வெட்டுக்காரர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும்படி, என் மேடைக் குரலில் லூர்து அக்காவுக்கு நான் சொன்னது இது:

"திங்கட்கிழமை காலையில் தாலுகா ஆபீசுக்குப் போறேன் அக்கா. என் சர்டிபிகேட்டை அவங்க மேசைமேல வச்சிட்டுத்தான் திரும்புவேன்."