தையல்காரரின் வெள்ளணு

நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிற மனிதர்தான். ஆனால் அதே ஊசி ஒரு நர்ஸின் கையில் இருந்துவிட்டால் தையல்காரருக்கு நாக்கு வறண்டு கண் இருட்டிவிடும். பெண் பார்க்கப் போனபோதே இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். பெண்ணுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, மகா கெட்டிக்காரர்.

அவர் மனைவியின் வேலை கிருமி வளர்ப்பது. சீழ்க்கட்டி உண்டாக்கும் கிருமியைச் செல்லப்பிள்ளை மாதிரி ஊட்டி வளர்த்து, அது கக்கும் நஞ்சைப் பிரித்தெடுப்பாள். நம் ரத்தத்தில் காவலுக்குச் சுற்றும் வெள்ளணுக்களைத்தான் அந்த நஞ்சு தேடிப் போகும். அணுவின் மேலுள்ள ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு ஓட்டை போடும். அணு ஊதி வெடித்துவிடும். காவல்காரனையே தீர்த்துவிட்டால் அப்புறம் கிருமிக்கு என்ன கவலை? இதற்கு வழி தேடுகிறவர்களுக்கு அன்றன்று எடுத்த ரத்தம் வேண்டும், வெள்ளணு மறுநாள் வரை தாங்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்கள் முறைபோட்டுக் கை நீட்டுவது வழக்கம். ரத்தம் பிடித்த குழாயில் பெயர் எழுத மாட்டார்கள். தொழிலை மட்டும் எழுதி மாடியிலிருக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

தையல்காரரின் முறை வந்ததும் அவர் மைத்துனனைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை தேட வந்து, தேடாமலே அக்கா வீட்டோடு தங்கிவிட்டவன்.

"மாப்ளே, ரத்தம் எடுக்கிற ரூம்ல போய் தையல்காரர்னு சொல்லு, போதும். உனக்கு ஒரு பேண்ட் தைச்சுத் தரேன்."

"ரெண்டு பேண்ட், மாமா. குத்துவாங்கல்ல?"

அன்று சாயங்காலம் மனைவி முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"ஏங்க, உங்க வெள்ளணு சாகவே இல்லைங்க! மத்தவங்களுது எல்லாம் வெடிச்சுப் போச்சு, உங்களுது குத்துக்கல்லாட்டம் இருக்கு. நஞ்சு பிடிக்கிற பிடியே உங்ககிட்ட இல்லபோல. இதை வெச்சு மருந்தே கண்டுபிடிக்கலாம்னு எங்க டாக்டரம்மா குதிக்கிறாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்கு ஆசைப்பட்டு உண்மையை விழுங்கிவிட்டார். பக்கத்துக் கடைக்காரரிடம், "நம்ம உடம்புவாகு அப்படி" என்று அளந்தும்விட்டார்.

மறுபடி ரத்தம் கேட்டார்கள். மைத்துனனோ சிநேகிதன் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தான். வேறு வழியில்லாமல் தையல்காரரே போனார். அன்று வேறு நர்ஸ். கண்ணை இறுக மூடிக் கையை நீட்டினார், மயங்கி விழுந்தார். தெளிந்து எழுந்து அவர் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் மாடியில் அவருடைய வெள்ளணுக்கள் செத்துவிட்டன, மற்ற எல்லாருடையதையும்விடச் சீக்கிரமாக.

மனைவி வீட்டுக்கு வந்து விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்தாள்.

"முதல் தடவை நான் நஞ்சுக்குப் பதிலா வெறும் உப்புத்தண்ணியை ஊத்தியிருப்பேனாம். இனிமே பாட்டில் கழுவுற வேலையைப் பாருன்னுட்டாங்க. நான்தான் மாத்தி ஊத்திட்டேனோன்னு எனக்கும் தோணுது."

தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளை அவளே சந்தேகப்படுவதை அவரால் தாங்க முடியவில்லை.

"உன் மேல தப்பில்ல. முதல்ல குடுத்தது உன் தம்பி ரத்தம்."

"தம்பியோடதா?"

"ரெண்டு பேண்ட்டுக்கு."

மறுநாள் காலையில் அவரை அழைத்துப்போய் டாக்டரம்மா முன்னால் நிறுத்தி, அதே வார்த்தைகளை எல்லார் காதிலும் விழச் சொல்லவைத்தாள். மனிதரின் மானம் கப்பலேறியது, அவளுடைய வேலை திரும்பி வந்தது. ஊரிலிருந்து வந்த மைத்துனன் கை நீட்டினான். நஞ்சு ஊற்றியும் அவன் அணுக்கள் வெடிக்கவில்லை. அன்றிலிருந்து சோற்றுத்தட்டை எடுத்து வைக்கச் சொன்னால்கூட, "இது சாதாரண ரத்தமில்லக்கா" என்றான்.

டாக்டரம்மா யோசித்தார். "பிடி இல்லாதவருக்கு மருந்து எதுக்கு? பிடி இருக்கிறவங்களைத்தான் காப்பாத்தணும். வேற நோய்க்குக் குடுக்கிற ஒரு மருந்து அந்தப் பிடியை மூடிடும்னு சொல்றாங்க. சீக்கிரமா சாகிற அணுவுல போட்டுப் பார்க்கணும்."

எல்லாரும் தையல்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் பலமுறை கை நீட்டினார். ஒவ்வொரு முறையும் மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பாதி பாசத்தில், பாதி காவலுக்கு. மருந்தின் அளவு சரியாக அமையும்வரை அணுக்கள் செத்துக்கொண்டேதான் இருந்தன. ஒரு நாள் அவரை மாடிக்குக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். நஞ்சு ஊற்றி வெகுநேரமாகியும் அணுக்கள் உருண்டை உருண்டையாக, உடையாமல் கிடந்தன.

"இது உன் தம்பியோடதுதானே?" என்றார் தையல்காரர்.

"உங்களுது. நான்தான் பக்கத்துலயே நின்னேனே."