கடைசிப் பக்கத்திலிருந்து

எங்கள் ஆவணக் காப்பகத்தில் கிழிந்த ஏடுகளை ஒட்டுபவருக்குப் பசையண்ணன் என்று பெயர். அவர் ஒட்டித் தருவதைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. மனுஷர் மகா பிடிவாதக்காரர். எந்த ஏட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஒட்டிக்கொண்டு வருவார். "முன்னாலேர்ந்து ஒட்டினா கதை இழுத்துடும், கை நின்னுடும்" என்பார். இருபது வருஷமாக ஒரு தையற்காரரோடு வாழ்கிறார். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அன்று வந்தது ஒரு காவல் நிலையத்தின் கண்காணிப்பு ஏடு. ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமாக இருந்த காலத்தது, நாற்பது வருஷப் பழசு. கடைசிப் பக்கத்தில் ஒரு சங்கீத வாத்தியார் மாடியறையில் இறந்துகிடந்தார். அதற்கு முந்தைய பக்கத்தில் அவருக்கு வேலை போயிருந்தது. அதற்கும் முன்னால் அவரையும் அவர் நண்பரையும் ஸ்டேஷனில் வைத்து அடித்திருந்தார்கள். பக்கம் முன்னால் போகப் போக, செத்தவர் பிழைத்து, வேலைக்குப் போய், நண்பரோடு சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். பசையண்ணன் ஒட்டுவதை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

'கொடியில் இரண்டு சட்டை. ஒரே கட்டில். விளக்கு பத்து மணிக்கு அணைந்தது.' பக்கம் பக்கமாக இதேதான். முதல் பக்கத்தில், தகவல் கொடுத்தவர்: பதினாலாம் எண் வீட்டுக்காரர். கூடவே தெருப் பெயரும்.

"என்னண்ணே, முகம் வெளுத்துடுச்சு?"

"எங்க வீடுப்பா. நாங்க இருக்கிற மாடிதான்."

அந்த வீட்டுக்காரரை நானும் பார்த்திருக்கிறேன். எண்பது வயது, பரம சாது. பசையண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கி வருபவர். "வீடு கைமாறியிருக்கும்ணே" என்று வாதாடிப் பார்த்தேன்.

"அவர் பொறந்ததே அங்கதான். அவன் வீட்ல தனியா இருக்கான்" என்று தையற்காரரை நினைத்துப் பதறி எழுந்தார். நானும் கூடவே ஓடினேன்.

மேலே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் பசையண்ணனுக்கு மூச்சே வந்தது. மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க தம்பி, நீங்க ஒட்டுற வேலைதானே பாக்குறீங்க? இதுக்கு அட்டை பிஞ்சுபோச்சு." தடித்த நோட்டு ஒன்றை நீட்டினார். "ஸ்டேஷன்ல இப்பல்லாம் வாங்க மாட்டேங்குறாங்க. சட்டம் மாறிடுச்சாம். அதுக்காக எழுதறத விட்டுட முடியுமா?"

பசையண்ணன் பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நேற்றைய தேதி. 'கொடியில் இரண்டு சட்டை. விளக்கு பத்தே காலுக்கு அணைந்தது.'

வீட்டுக்காரர் நோட்டை மெல்லத் திரும்ப வாங்கிப் பேனாவைத் திறந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, அதே சிரிப்போடு கேட்டார்.

"உங்க பேரென்ன தம்பி?"

சட்டம் மாறிவிட்டது எனக்கும் தெரியும். இருந்தும் பேரைச் சொல்லப் பயமாக இருந்தது.