வளருகிற பிள்ளைக்குத் தைத்த அங்கி

லண்டனின் செவன் கிங்ஸில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற கிறிஸ்துராஜாவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியை எங்கே பொறுக்கினேன் என்று எனக்கே நினைவில்லை. அவனுக்கு மேலறையை வாடகைக்கு விட்டிருக்கும் கனகாம்பிகை என் சிநேகிதி. அவள் சொன்னதும் இதில் உண்டு, சொல்ல மறந்ததும் உண்டு.

பத்தொன்பது வயதில் ஜெர்மனிக்குப் போனவன் கிறிஸ்துராஜா. டோர்ட்முண்டில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் இருக்கை தைத்தான். சுவர்ணாவைக் கட்டினான், ஏஞ்சலா பிறந்தாள். பிறகு பெரிய சண்டை ஒன்றுமில்லாமல், ஒரு வீட்டில் இரண்டு பேர் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து போவார்களே, அப்படிப் பிரிந்தார்கள். தாயும் மகளும் அங்கேயே இருக்க, இவன் லண்டனுக்கு வந்து, ரெயில் பாதைக்குப் பின்னால் ஒரு கொட்டில் எடுத்து, மினிகாப் டாக்சிக்காரருக்கும் வான் வண்டிக்காரருக்கும் தைக்கத் தொடங்கினான். அவன் தையல் அப்படி உறுதி. ஒரு கார் நடுவழியில் சுக்குநூறாக உதிர்ந்தபோது, அவன் தைத்த இருக்கை மட்டும் ட்ரைவரைச் சுமந்துகொண்டு இல்ஃபர்ட் வரை வந்து சேர்ந்தது. நம்பாதவர்கள் இல்ஃபர்டில் விசாரிக்கலாம்.

ஓகஸ்டில் ஒரு நாள் ஏஞ்சலா போனில் சொன்னாள்.

"அப்பா, நான் ஒரு கனவு கண்டனான். தொப்பி வைச்ச நீட்டு அங்கி ஒண்டு போட்டிருந்தன். பச்சை. லண்டன்ல பனிப்புகாருக்குள்ள நடந்து போறன். கால் தெரியேல்லை. மிதக்கிற மாதிரி."

"லண்டன்ல இப்ப புகார் இல்லை, பிள்ளை."

"நான் ஒக்டோபர் லீவுக்கு வரேக்குள்ள இருக்கும். அங்கியை நீங்கள் தையுங்கோ. சரியா கணுக்கால் மட்டும் இருக்கவேணும். அப்பதான் மிதக்கலாம்."

"தைக்கிறன்" என்றான். போனை வைத்த பிறகுதான் தன்னிடம் அளவு இல்லையென்பது அவனுக்கு உறைத்தது. மகளைக் கண்டு ஒன்றரை வருடம். ஒவ்வொரு லீவுக்கும் ஏதோ ஒரு தடங்கல். தினமும் போனில் பார்க்கிறான்தான், ஆனால் போனில் வருவது முகம். முகத்துக்கு உயரம் கிடையாது.

"சுவர்ணாவுக்கு ஒரு மெசேஜ் போடு தம்பி. நாலு செக்கனில அளவு வந்துடும்" என்றாள் கனகாம்பிகை.

"கேக்கமாட்டன், அக்கா."

"ஏன், கேட்டால் வாய் உளுத்துப் போகுமோ?"

"தகப்பனுக்குப் பிள்ளையின்ர உயரம் தெரியாது எண்டு அவள் அறியவேணுமே? நான் தகப்பனா இருக்கிறதுக்கு இந்த அளவாவது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

"சரி, உன்ர விருப்பம்" என்று கனகாம்பிகை விட்டுக்கொடுத்தாள். அது அந்த வருடத்தில் இரண்டாவது தடவை.

ஆனால் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. ஏஞ்சலா கடைசியாக வந்தபோது அவனுடைய வானில், அவனே தைத்த முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தாள். அந்த இருக்கையின் சாய்வில் குறுக்காக ஐந்து தையல் கோடுகள். அவளுடைய உச்சந்தலை மூன்றாவது கோட்டுக்கு ஒரு விரல் கீழே. முகங்களை மறந்தாலும் தையலை மறக்காத ஆள் அவன். ஆகவே உட்கார்ந்த உயரம் கையில் இருந்தது. அதை நின்ற உயரமாக மாற்ற ஒரு மனிதப்பிறவி வேண்டும்.

"அக்கா, ஒருக்கா வானுக்குள்ள ஏறி இருங்கோ."

"எங்கையடா கூட்டிக்கொண்டு போறாய்?"

"ஒரு இடமும் இல்லை. சும்மா நிமிந்து இருங்கோ."

முதலில் இருத்தி அளந்தான். பிறகு இறக்கி வான் கதவோடு நிறுத்தி அளந்தான். தெருவில் போனவர்கள் அவள் வான் வாங்கப் போகிறாள் என்றே நினைத்தார்கள். வகுத்துப் பெருக்கி அவன் ஓர் உயரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கு மேல் ஒன்றரை வருட வளர்ச்சி இருந்தது. அதை யார் சொல்வது? நாங்கள் எல்லோரும் வளருகிற பிள்ளைக்குச் செய்வதையே அவனும் செய்தான். பள்ளிக்கூடச் சட்டையில் வைப்பதுபோல் விளிம்புக்கு மேலே மூன்று மடிப்பு வைத்தான். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இரண்டு அங்குலம் ஒளிந்திருந்தது.

கடும்பச்சைக் கம்பளித் துணியை வாங்கி வந்து, கார் இருக்கை தைக்கிற அதே தடித்த ஊசியால் தைத்தான். விளிம்பெல்லாம் இரட்டைத் தையல். முடிந்ததும் மேசையில் வைத்தான். அது தன்பாட்டில் எழுந்து நின்றது. உள்ளே யாருமில்லை. தபால்காரர் எட்டிப் பார்த்து அதற்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். செப்டெம்பர் முழுவதும் அது கொட்டிலின் மூலையில் நின்றது. ரெயில் போகும்போதெல்லாம், உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல் மெதுவாக அசைந்தது. சில மாலைகளில் கிறிஸ்துராஜா வேலையை நிறுத்திவிட்டு அதோடு பேசிக்கொண்டிருந்தான் என்று கனகாம்பிகை சொன்னாள். என்ன பேசினான் என்று அவள் சொல்லவில்லை. அதை மட்டும் நானும் கற்பனை செய்யவில்லை.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, சொல்லிவைத்ததுபோல் புகார் இறங்கியது. எதிர்வீடு இல்லை, எதிர்வீட்டுக்காரரின் குரல் மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து சுவர்ணாவின் தம்பி லதீசனுடைய கார் கொட்டில் வாசலில் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு கால் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. அது முடிந்து மற்றக் கால் வந்தது. அதற்கும் மேலே, வெகு உயரத்தில், போனில் பார்த்த அதே முகம்.

"அப்பா!"

அணைத்தான். போனமுறை நெஞ்சுக்குழியில் முட்டிய தலை இப்போது தாடையில் இடித்தது.

அங்கியைப் போட்டுப் பார்த்தார்கள். தலைமூடி அச்சொட்டாகப் பொருந்தியது. கீழ்விளிம்பு முழங்காலைத் தொடவில்லை.

"மடிப்பு இருக்கு, பிள்ளை. பொறு."

பிளேடை எடுத்து மண்டியிட்டான். முதல் மடிப்பைப் பிரித்தான். முழங்கால் மறைந்தது. இரண்டாவதையும் பிரித்தான். மூன்றாவதைப் பிரிக்கையில் தன் இரட்டைத் தையலைத் தானே திட்டினான். அங்கி கெண்டைக்காலின் நடுவில் வந்து நின்றது. கணுக்காலுக்கு இன்னும் ஒரு சாண்.

"அத்தான், ஆரின்ர அளவுக்குத் தைச்சனீங்கள்?" என்றான் லதீசன்.

கனகாம்பிகையின் அளவுக்குத்தான். அவளுக்கு உடம்பு நீளம், கால் கட்டை. பிள்ளைக்கு எல்லாம் நேர்மாறு.

கிறிஸ்துராஜா எழுந்திருக்கவில்லை. பச்சை விளிம்பைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு உன்ர உயரம் தெரியேல்லை, ஏஞ்சலா."

"அம்மாட்டக் கேட்டிருக்கலாமே."

"ஓம். கேட்டிருக்கலாம்."

"அம்மாவுக்கும் தெரியாது" என்றாள் அவள். "போன கிழமை வாங்கித் தந்த ஜீன்ஸ் இந்தக் கிழமை கட்டை. கடையில மாத்த ஏலாது எண்டிட்டினம். அம்மா கத்தின கத்து!"

லதீசன் சிரித்தான். கிறிஸ்துராஜா சிரிக்கவில்லை, ஆனால் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றரை வருடமாகத் தன் தோளில் மட்டும் கிடப்பதாக நினைத்த ஒரு சுமையின் மறுமுனையை, டோர்ட்முண்டில் இன்னொருத்தியும் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது அவனுக்கு.

"இப்ப அளவுங்கோ" என்று சொல்லி அவள், துணி வெட்டும் மேசைமேல் ஏறி நின்றாள். "கீழ ஒரு துண்டு பொருத்துங்கோ. மிச்சத் துணி இருக்குத்தானே?"

மிச்சத் துணி தாராளமாக இருந்தது. விளிம்புக்கு வேண்டியது ஓர் அளவுதான். ஆனால் கிறிஸ்துராஜா நாடாவை எடுத்தவன் விடவில்லை. குதிக்காலிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து இடுப்பு, தோளிலிருந்து நடுவிரல் நுனி, ஒரு காதிலிருந்து மறுகாது. சோக்கட்டியால் எல்லாவற்றையும் மேசையில் எழுதினான். மேசையில் இடமில்லாமல் போனதும் சுவரில் எழுதினான். புகார் கதவு வழியாக உள்ளே வந்து, மேசையின் கால்கள் மறைய, அவள் பச்சையாக அந்தரத்தில் நின்றாள்.

கடைசியாகக் குதிக்காலிலிருந்து உச்சந்தலை வரை பிடித்தான். எழுதிவிட்டு, நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை பிடித்தான். கால் அங்குலம் கூட வந்தது.

"அசையாதை எண்டெல்லே சொன்னனான்."

"நான் அசையேல்லை, அப்பா. வளருறன்."

அவன் எழுதியதை அழித்துவிட்டு, நாடாவின் முனையை மறுபடி அவள் குதிக்காலில் வைத்தான்.