நட்சத்திரக் கப்பலுக்குத் தண்ணீர் ஊற்றுபவர்

கல்லாறு என்ற ஊரில் ஓட்டல் வேலை போய், திருவனந்தபுரம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஒரு தண்ணீர் லாரி நின்று என்னை ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் நாகர்கோவில்காரர், நரைத்த மீசை. தொட்டி நிறையும் நேரமெல்லாம் செல்போனில் விஞ்ஞானப் பேச்சு கேட்பாராம்.

"தண்ணியில இருக்க கன ஹைட்ரஜன ஒண்ணோடொண்ணு சேத்தா சூரியன் மாதிரி சக்தி வரும். நட்சத்திரத்துக்கே கப்பல் போவும், கேட்டியா?" என்றார்.

"நமக்கு அதுல என்ன அண்ணாச்சி?"

"என்னவா? கப்பல்ல தண்ணி நெறைக்க லாரி வேண்டாமாடே? ஓஸ் பிடிக்க ஆளு வேணும்லா! எனக்கே இப்ப ஆளில்ல. நாளைக்கு வாறியா?"

"நட்சத்திரத்துக்கா?"

"வலியசாலைக்கு."

அவர் சிரிக்கவேயில்லை. கப்பல் வரும் என்று உண்மையிலேயே நம்பினாரா, எனக்கு இன்றும் விளங்கவில்லை. மறுநாள் காலை திருவனந்தபுரம் வலியசாலையில், வீட்டுத் தொட்டி ஒன்றுக்குள் ஓஸ் குழாயை விட்டுப் பிடித்தபடி நின்றேன்.