அக்கரை நத்தைகள்

எழுபதுகளில், பாலக்காட்டு மலையடிவார ஆற்றுப் பாலத்தருகே வனச் சோதனைச் சாவடியில் இருந்தேன். நல்லேப்பிள்ளி ஊர்க்காரரான விலங்கியல் வாத்தியார் ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். முழங்காலெல்லாம் சேறு. பாலமேறும் முன் செருப்பைக் கழற்றி உதறிப் பார்ப்பார். ஒருநாள் பையைச் சோதித்தேன். உள்ளே உயிருள்ள நத்தைகள்.

"அக்கரை நத்தைங்க. ஆறுதான் எல்லை, கரைக்கொரு சாதி. போன மழையில எம்பட பையில ஒட்டிட்டு நாலஞ்சு இங்க வந்துருச்சு. இப்பப் பெருகிக் கெடக்குது. பொறுக்கி அக்கரையிலயே விடப் போறனுங்க."

"நத்தைதானே மாஷே!" என்று வாத்தியாரைத் தேற்றினேன்.

"ஆறு பிரிச்சு வெச்சதை நான் கலக்கிட்டனுங்க. ஏனுங்க, இதுக்கென்ன தண்டனை?"

தந்தம் முதல் ஈட்டிமரம் வரை எல்லாவற்றுக்கும் சட்டப்பிரிவு சொல்லக்கூடியவன் நான். நத்தைக்கு எதுவுமில்லை, தாராளமாகப் போகலாம் என்றேன்.

குற்றமில்லை என்று கேட்டு அப்படி வாடிய முகத்தை நான் பிறகு பார்த்ததேயில்லை.